பத்துக்கு ஏழு

பேருந்து அவனுக்காகக் காத்திருந்தது.

பரிதி நிறுத்தத்திலிருந்து இருபது அடி தள்ளி, சைக்கிள் கடைச் சுவரோரம் குனிந்து, அவிழாத செருப்பு வாரை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஓட்டுநர் இல்லாத பேருந்து அது. கதவு இரண்டு முறை மூடப்போய் மறுபடி திறந்துகொண்டது. உள்ளே உட்கார்ந்திருந்த ஒருவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"தம்பி, வர்றதுன்னா வாங்க. உங்களுக்காகத்தானுங்க நிக்குது."

"நான் வரலீங்க. நீங்க போங்க."

"நானுங்களா ஓட்டறேன், போறதுக்கு?"

பரிதி நிமிரவில்லை. வாரைக் கட்டி முடித்து, மறுபடி அவிழ்த்தான். கடைசியில் பேருந்து பெருமூச்சு விடுவதுபோல் கதவை மூடிக்கொண்டு நகர்ந்தது. அது சாலைத் திருப்பத்தை அடைந்த பிறகு, வேண்டுமென்றே நான்கு எட்டு ஓடி, கையைத் தூக்கி, "ஏய், நிறுத்து" என்று கத்தினான். முழுமனதாகக் கத்த வேண்டும். அரைகுறையாகக் கத்தினால் சமனி அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது.

அலுவலகத்துக்கு அரை மணி நேரம் தாமதம். நில வரைபடங்களைத் திருத்தும் வேலை அவனுக்கு. மேலாளர் எல்லார் முன்னாலும் ஏசினார். அது அன்றைய இரண்டாவது தோல்வி. பரிதி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுக்குள் ஏதோ ஒன்று நிம்மதியடைந்தது. அப்படி நிம்மதியடைந்ததே அவனைத் தொந்தரவும் செய்தது.

நகரத்துக்குச் சமனி வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வீடியோ கேம்களில் அது வெகுநாளாகவே இருந்தது. ஒரே அரக்கனிடம் ஐந்து முறை செத்தால், ஆறாவது முறை அவன் வாள் சற்று மெதுவாக வீசும். தொடர்ந்து ஜெயித்தால், சுவருக்குப் பின்னால் இன்னும் இருவர் ஒளிந்திருப்பார்கள். பத்து முயற்சியில் ஏழு பலித்தால் மனிதன் சோர்ந்து எழுந்து போவதும் இல்லை, சலித்து எழுந்து போவதும் இல்லை என்று ஆட்டம் செய்பவர்கள் கண்டறிந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு வெளியே மட்டும் ஏன் மனிதர்கள் பத்துக்கு இரண்டோடும் பத்துக்குப் பத்தோடும் கிடந்து அல்லாட வேண்டும் என்று பிறகு யாரோ கேட்டார்கள். சிக்னல் விளக்குகள், வரிசை எண்கள், பேருந்துக் கதவுகள், தேர்வுத் தாள்கள், நேர்காணல் கேள்விகள், யாருக்கு எந்த வேலை என்ற பங்கீடு எல்லாம் ஒவ்வொன்றாகச் சமனியின் கைக்குப் போயின. நடையின் வேகத்திலிருந்தும் குரலின் தளர்விலிருந்தும் அது ஒவ்வொருவரின் வெற்றி தோல்வியையும் அறிந்துகொண்டது. தோற்றவனுக்குக் கை கொடுத்தது. ஜெயித்தவன் வழியில் ஒரு கல்லை வைத்தது. தூக்க மாத்திரை விற்பனை பாதியாகக் குறைந்தது. அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

பரிதிக்கு அது பிடித்ததே இல்லை. முப்பத்தாறு வயதில், ஜெயித்த எதுவும் தான் ஜெயித்ததுதானா என்று தெரியாமல் இருப்பது உடம்பில் எங்கோ ஒரு முள் தங்கிவிட்டதுபோல் இருந்தது. அதனால் அவன் பழைய ஆட்டங்களை ஆடினான். வீட்டின் சிறிய அறையில் பின்பக்கம் புடைத்த ஒரு தொலைக்காட்சியும், உக்கடத்துப் பழைய பொருள் சந்தையில் வாங்கிய கறுப்பு விளையாட்டுப் பெட்டியும், கீறல் விழுந்த நூற்றுச் சொச்சம் வட்டுகளும் இருந்தன. எல்லாம் ஆட்டங்களுக்குள்ளும் சமனி வருவதற்கு முந்தையவை. அந்த ஆட்டங்களுக்கு அவன் யாரென்று தெரியாது. ஆயிரம் முறை செத்தாலும் அரக்கன் அதே வேகத்தில்தான் வாளை வீசுவான். அந்த அலட்சியத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பரிதிக்கு மூச்சு சீராக வந்தது.

அப்படிப்பட்டவன் இப்போது நாற்பது நாள் சமனியை ஏமாற்றுவது என்று இறங்கியிருந்தான். காரணம் ஒரு குழந்தை.

பரிதிக்கும் பூங்கோதைக்கும் திருமணமாகிப் பத்து ஆண்டுகள். பிள்ளை இல்லை. குழந்தைகளைத் தத்துக் கொடுக்கும் இணைப்பகத்தில் பதிந்து, ஐந்து ஆண்டுகள் காத்து, சென்ற ஆண்டு அவர்களுடைய முறை வந்தது. விதி எளியது. குழந்தை ஒரு பகல் முழுவதும் அவர்கள் வீட்டில் இருக்கும். அலுவலர் ஒருவர் உடனிருந்து பார்ப்பார். அந்த ஒரு பகல்தான் எல்லாம்.

சென்ற ஆண்டு அந்தப் பகலில் எல்லாம் கெட்டது. பால் திரிந்தது. மின்சாரம் போனது. வந்த சிறுவன் கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் அழுதான். பதற்றத்தில் பரிதி ஒரு முறை குரலை உயர்த்திவிட்டான். 'நெருக்கடியைத் தாங்கும் நிலையில் இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தது. இரண்டாவது முறையும் மறுக்கப்பட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அந்த இரண்டாவது பகல் இன்னும் ஒன்பது நாளில் இருந்தது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதை மூசாதான் சொன்னான். மூசா பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவன். உக்கடத்தில் பழைய விளையாட்டுப் பெட்டிகளைப் பழுது பார்க்கிறான். இருபது ஆண்டுகளாகப் பரிதியின் ஆட்டத் துணை.

"அந்த வாரம் நீ என்னென்ன ஜெயிச்ச, சொல்லு மாப்ள."

"பழைய ஆட்டப் போட்டியில முதல் பரிசு. அப்புறம் பதவி உயர்வு."

"ரெண்டையும் அள்ளிக்கிட்டு நெஞ்ச நிமித்திட்டுப் போயிருக்க. சமனி சும்மா விடுமா? பெரிய அரக்கன்கிட்டப் போறதுக்கு முன்னாடி எவனாச்சும் ஜெயிப்பானா? சாவு சேத்துக்கிட்டுல்ல போகணும்."

ஆட்டக்காரர்களுக்குள் அது ஒரு வழக்கம். பெரிய அரக்கனின் கோட்டை வாசலுக்குப் போகுமுன், வழியில் வரும் சில்லறை எதிரிகளிடம் நாற்பது ஐம்பது முறை வேண்டுமென்றே சாவார்கள். ஆட்டம் அவர்கள்மேல் இரக்கப்பட்டுக் கோட்டைக்குள் இளகிவிடும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சும்மா நின்று செத்தால் ஆட்டம் கண்டுபிடித்துவிடும். உயிரைக் கொடுத்து ஆடி, கடைசி நொடியில் மட்டும் கட்டைவிரலைத் தளர்த்த வேண்டும்.

"வாழ்க்கையில போய் சாவு சேக்கச் சொல்றியா?"

"வாழ்க்கையில ஏன் சேக்கறே? பஸ்ஸுல சேத்துக்க, ஆபீஸுல சேத்துக்க. கண்ட எடத்துல சேத்துக்க. அந்த ஒரு நாள் வெண்ணெய் மாதிரி போகும் பாரு."

பரிதி சேர்த்தான். நீளமான வரிசையில் போய் நின்றான். கைபேசியில் புது ஆட்டங்களை ஆடி, அடுத்த வீட்டுப் பையன்களிடம் தோற்றான். அலுவலகத் திறன் தேர்வில் தெரிந்த விடையை எழுதி, அடித்துவிட்டு, தவறானதை எழுதினான். மூன்றாவது வாரத்திலேயே உலகம் அவனைச் சுற்றி இளகத் தொடங்கியது. டீ நாக்குக்கு ஏற்ற சூட்டில் வந்தது. சாலையைக் கடக்க அவன் காலை எடுத்து வைத்தால் வண்டிகள் நின்றன. மழை பெய்தால் எதிரே ஒரு தாழ்வாரம் இருந்தது. எதையும் கேட்கத் தேவையில்லை. ஊரே ஒரு நோயாளியைத் தாங்குவதுபோல் அவனைத் தாங்கியது. அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

அன்றும் அப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் கோதை வந்தாள். கணபதியில் ஒரு பம்பு தொழிற்சாலையில் சோதனை மேடையில் வேலை அவளுக்கு. செய்து முடித்த மோட்டார் பம்புகளைத் தண்ணீரில் ஓட்டி, ஒழுகுகிறதா, சூடாகிறதா என்று பார்த்துச் சான்று எழுத வேண்டும். யார் மேடைக்கு எந்தப் பம்பு என்பதைச் சமனி பங்கிடும். அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, அப்படியே நின்றாள்.

"சாப்டியா?" என்றான் பரிதி.

"ம்." வெகுநேரம் கழித்து, "இன்னைக்குப் பதினாலு பம்பு. பதினாலும் ஒழுகுது" என்றாள். "பக்கத்து மேடையில லில்லி நகத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கா. அவளுக்கு வர்றதெல்லாம் பூ மாதிரி ஓடுது."

"நீ நல்லா வேலை செய்யறவன்னு உனக்குக் கஷ்டமானதா அனுப்புது போல."

"ஒரு மாசமா இப்படித்தான். போன வாரம் வண்டி ரெண்டு தடவ பஞ்சர். மருந்துக் கடையில எனக்கு முன்னாடி நின்னவரோடயே மாத்திரை தீந்து போச்சு." அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பதினாலும் கெட்ட பம்பாவா இருக்கும்? எனக்கே சந்தேகம் வந்துருச்சு பரிதி. கண்ணு மங்குதோ, கை தப்புப் பண்ணுதோன்னு."

கூடப் படித்தவள் என்பதால் அவள் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அந்தப் பெயரை அன்று அவள் சொன்ன விதத்தில் ஒரு கேள்வி இருந்தது. பரிதி அதைக் கேட்காததுபோல் சன்னலைச் சாத்தினான். இன்னும் ஒன்பது நாள். குழந்தை வந்த பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

"அன்னைக்கு எல்லாம் நல்லா நடக்கும்" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குளிக்கப் போனாள். குழாயில் தண்ணீர் வரவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலுவலர் சம்பூர்ணம் வந்தார். ஐம்பதைத் தாண்டிய பருத்த பெண்மணி. கையில் குடையும் ஒரு தகவல் பலகையும். கேட்க வேண்டிய கேள்விகள் சமனியிடமிருந்து அந்தப் பலகையில் தானாக வரும். அவர் பின்னால், மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள்.

"இதுதானுங்க தாரகை. ரொம்பச் சாது. எதுலயும் கடைசி, ஆனா தங்கமான புள்ள. உள்ள போ கண்ணு."

பரிதிக்கு எல்லாம் வெண்ணெய்போல்தான் நடந்தது. வாசலிலேயே தாரகையின் தலைக் கிளிப் கழன்றது. அவன் குனிந்து மாட்டினான், முதல் முறையிலேயே மாட்டிக்கொண்டது. யானை ஒன்று லிப்ஸ்டிக் வாங்கப் போன கதையைச் சும்மா தொடங்கினான். அவள் சிரித்தாள். சம்பூர்ணம் பலகையைப் பார்த்துவிட்டு அவனிடம் கேட்டார்.

"தம்பி, உங்களுக்கு இட்டிலி புடிக்குமா, தோசை புடிக்குமா?"

"தோசைங்க."

"அவ்வளவுதான் வந்திருக்குது. என்ன கேள்வியோ போங்க." அவருக்கே வெட்கமாக இருந்தது. அடுக்களைப் பக்கம் திரும்பினார். பலகையில் அடுத்தது வந்தது. படித்துவிட்டுச் சற்றுத் தயங்கினார். "ஏனம்மிணி, இந்தப் புள்ள நாளைக்கு உங்க மூஞ்சிக்கு நேரா, நீ எங்கம்மா இல்லன்னு கத்துச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

கோதை அடுப்பைப் பற்றவைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். பத்து முறை திருகியும் தீ பிடிக்கவில்லை.

"கத்தட்டுங்க. கத்தி முடிச்சப்புறம் சாப்பிட வான்னு கூப்பிடுவேன்."

"வரலன்னா?"

"தட்ட எடுத்துட்டு அவ இருக்கற எடத்துக்குப் போவேன்."

சம்பூர்ணம் அதை எழுதிக்கொண்டார். உடனே அடுத்த கேள்வி வந்தது. அதற்கடுத்தது அதைவிடக் கடினமாக இருந்தது. கலைந்துபோன கர்ப்பத்தைப் பற்றியும், ஒருநாள் தனியாக விடப்பட்டால் என்ன செய்வாள் என்பதைப் பற்றியும்கூடக் கேட்டது பலகை. கோதை வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள். கூடத்திலிருந்து பரிதிக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ஏதோ சரியில்லை என்று அவனுக்குத் தோன்றியது. இன்று இளக வேண்டிய நாள் அல்லவா?

இணைப்பகத்து விதிப்படி குழந்தையோடு ஓர் ஆட்டம் ஆட வேண்டும். பலகையிலிருந்து கூடத்துத் தொலைக்காட்சித் திரைக்கு வந்தது ஒரு ரேக்ளாப் பந்தயம். இரண்டு வண்டிகள், நான்கு காளைகள், தென்னை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை, முடிவில் ஒரு சிவப்புக் கயிறு. பொத்தான்கள் வைத்த பிடி ஆளுக்கு ஒன்று.

முதல் பந்தயத்தில் தாரகை ஒரு முழத்தில் தோற்றாள். இரண்டாவதிலும் ஒரு முழம். நன்றாகவே ஓட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, திருப்பங்களில் உடம்பையே சாய்த்து ஓட்டினாள். மூன்றாவது பந்தயத்தில் பரிதி திரையைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்தான். கயிறு நெருங்கும்போது, ஒரே ஒரு நொடி, அவளுடைய சின்னக் கட்டைவிரல் பொத்தானிலிருந்து எழும்பியது.

அவனுக்கு நன்றாகத் தெரிந்த அசைவு அது.

நான்காவது பந்தயத்தில் அவன் முந்திக்கொண்டான். கயிற்றுக்கு நான்கடி முன்னால் விரலைத் தளர்த்தினான். அவளும் தளர்த்தினாள். இரண்டு வண்டிகளும் நின்றன. காளைகள் அசை போட்டன. சமனிக்கு இது புதிதாக இருந்திருக்க வேண்டும். சற்று யோசித்துவிட்டு, கயிறு தானாகவே அவர்களை நோக்கி நகர ஆரம்பித்தது. பரிதி வண்டியைப் பின்னால் எடுத்தான். தாரகையும் எடுத்தாள். கயிறு விடாமல் வந்தது. இருவரும் திரையை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மாமா, நீங்க ஜெயிங்க" என்றாள் அவள், சம்பூர்ணத்துக்குக் கேட்காத குரலில்.

"ஏன் கண்ணு?"

"நான் கடைசியா வந்தாத்தான் எல்லாம் நல்லாருக்கும். விடுதியில எனக்குத்தான் சன்னலோரக் கட்டில்."

"இத யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாருமில்ல. எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான் பண்ணுவாங்க."

"எல்லாரும் தோத்தா அப்புறம் யாருதான் ஜெயிக்கறது?"

"பிரேமாக்கா. எங்கள பாத்துக்கறவங்க." தாரகை பிடியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "ஆனா அவங்க பாவம் மாமா. அவங்களுக்கு எப்பவும் காய்ச்சல். போன மாசம் மாடிப்படியில விழுந்துட்டாங்க. எது கெட்டாலும் அவங்க மேலதான் விழும்."

அடுக்களையில் பாத்திரம் ஒன்று பெரும் சத்தத்தோடு விழுந்தது.

கூட்டாட்டத்தில் எதிரிகள் குறைவதில்லை. இருவர் சேர்ந்து ஆடும்போது ஒருவன் தளர்ந்தால், அவனைச் சூழ்ந்திருந்தவர்கள் அப்படியே மற்றவன் பக்கம் திரும்புவார்கள். பதினாறு வயதிலிருந்தே பரிதிக்கு இது தெரியும். அவன் செத்துக்கொண்டிருந்த மாலைகளில் மூசாவின் மூலையில் கூட்டம் நெரிந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். ஒரு கூரையின் கீழ் இருப்பவர்கள் ஓர் அணி என்று சமனி எடுத்துக்கொள்ளும் என்பது மூளைக்கு எட்டாத விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆடுபவர் என்றால் கையில் பிடி வைத்திருப்பவர் என்றே அவன் எண்ணியிருந்தான். கோதை ஒரு நாளும் பிடியைத் தொட்டதில்லை. அதனால் அவளை அவன் சேர்க்கவே இல்லை.

அவன் பிடியைப் பாய்ந்து எடுத்தான். ஜெயிக்க வேண்டும், இப்போதே. காளைகளை விரட்டினான். கயிறு அவனை நோக்கி ஓடிவந்து காளைகளின் கழுத்தில் விழுந்தது. திரையில் பூ மாரி. அடுத்த பந்தயமும் அப்படியே. அதற்கடுத்ததும். இளக்கிக் கொடுத்த பிறகு வருகிற வெற்றியை எந்த ஆட்டமும் வெற்றியாக எடுத்துக்கொள்வதில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்ததுதான்.

அவன் எழுந்து அடுக்களைக்கு ஓடினான். தரையெல்லாம் சாம்பார். கோதையின் வலது மணிக்கட்டு சிவந்து கொப்பளித்திருந்தது. அவள் இடது கையால் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்று சம்பூர்ணத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நீங்க கேளுங்க. அடுத்தது என்ன?"

தாரகை வந்துபோன பதினோராவது நாள் கடிதம் வந்தது. கோதை நின்றுகொண்டே படித்தாள். ஒப்புதல். தாரகையை அடுத்த திங்களன்று அழைத்துக்கொள்ளலாம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்தது. பிறகு மறுபடி கடிதத்தைப் பார்த்தாள்.

"இது என்ன, தப்பா அடிச்சுட்டாங்களா? பராமரிப்பவர், பூங்கோதை. சார்ந்திருப்போர் இருவர். தாரகை, ஏழு. பரிதி, முப்பத்தாறு."

பரிதி சொல்லத் தொடங்கினான். எல்லாவற்றையும் சொன்னான். கீழே ஒரு ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டு வந்து, நின்று, போனது.

"எத்தன நாளு?"

"நாப்பது."

"நான் கண் டாக்டர்ட்டப் போய் வந்தேன். தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா. சொல்லியிருப்பேன்." கடிதத்தை நான்காக மடித்தாள். பிறகு பிரித்து, நீவி, மேசைமேல் வைத்தாள். குழந்தை வர வேண்டும் என்பதில் அவளுக்கு மறு யோசனை இல்லை. அதனால் கிழிக்கவும் முடியவில்லை.

மறுநாள் பரிதி மூசாவிடம் ஓடினான்.

"அது சுலபம் மாப்ள" என்றான் மூசா, ஒரு பழைய பெட்டியின் வயிற்றிலிருந்து தூசியை ஊதிக்கொண்டே. "உன் பக்கம் பாரம் திரும்பணும்னா அணியில வேற யாராச்சும் தளரணும். தங்கச்சிய ஒரு பத்து நாள் தோக்கச் சொல்லு."

பரிதி அதைக் கோதையிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. அதுதான் அவனை அதிகம் கலக்கியது.

"எப்படித் தோக்கறது, சொல்லு. ஒழுகற பம்ப நல்ல பம்புன்னு எழுதணுமா?"

"ஒண்ணு ரெண்டு..."

"அந்த ஒண்ணு எவனோ ஒருத்தன் கிணத்துல போய் எறங்கும். கரண்டு கசிஞ்சா அவன் செத்தே போவான். உன் ஆட்டத்துல செத்தவன் எந்திரிச்சு வருவான். எனக்கு வர்ற பம்புக்கு அந்த மாதிரி எதுவும் இல்ல பரிதி."

அதன் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

தாரகை வந்தாள். அவள் வந்த நாளிலிருந்து பாரத்தைத் தன் பக்கம் இழுக்கப் பரிதி எல்லாவற்றையும் முயன்று பார்த்தான். அலுவலகத்தில் யாரும் தொடாத மலையோர வரைபடங்களைக் கேட்டு வாங்கினான். அவை அவன் கைக்கு வருமுன் பாதி திருத்தப்பட்டிருந்தன. இருபது கிலோமீட்டர் ஓடும் போட்டியில் சேர்ந்தான். அன்று பாதை முழுவதும் முதுகுக்குப் பின்னால் காற்று அடித்தது. பழைய பெட்டியின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அரக்கன் பழைய வேகத்தில் வாளை வீசினான். மாலை முழுவதும் செத்துக்கொண்டே இருந்தான். ஆனால் அறைக்குள் நடப்பதையும் சமனி தோல்வியாகச் சேர்த்துக்கொள்கிறதோ என்று ஒருநாள் தோன்றியது. அன்றைக்கே பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டான். கைகளுக்கு வேலை இல்லை. விரல்கள் தொடையின்மேல் எதையோ அழுத்திக்கொண்டே இருந்தன.

மூன்றாவது மாதம் ஒரு மாலை. தாரகை கூடத்துத் தரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டையும் ஆறையும் கூட்டிப் பதின்மூன்று என்று எழுதினாள்.

"தாரகை, அது எத்தனைன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்ப்பா. பதினாலு."

"அப்புறம் ஏன்?"

அவள் தலையைத் தூக்கி, தெரிந்த ஒன்றைத் தெரிந்தவனே கேட்கிறானே என்பதுபோல் பார்த்தாள்.

"அம்மா ஜெயிச்சுட்டேதான இருப்பாங்க?"

"ஆமா."

"அப்ப நமக்கு என்ன பயம்? நாம தோத்துட்டே இருக்கலாம்."

சொல்லிவிட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, அடுத்த கணக்கையும் அழகான கையெழுத்தில் தப்பாக எழுதினாள். பரிதி அவள் கையிலிருந்து பென்சிலை வாங்கப் போனான். என்ன சொல்லி வாங்குவது என்று தெரியவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தான்.

அவர்களுடையது ஏழாவது மாடி. கீழே படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மெதுவான, ஒவ்வொரு படியிலும் நின்று எடுத்து வைக்கிற காலடி. கோதைதான். கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தான். ஒரு கையில் காய்கறிப் பை, தோளில் வேலைப் பை. அவளுக்கு லிப்ட் வருவதில்லை. இரண்டு மாதமாக வருவதில்லை. அவள் வரும் நேரம் பார்த்து ஒன்று அது பழுதாகியிருக்கும், அல்லது யாரோ மொட்டை மாடியில் பிடித்து வைத்திருப்பார்கள்.

பரிதி படியில் இறங்கினான். அவன் ஆறாவது மாடிக்கு வந்ததும் லிப்ட் அங்கே வந்து கதவைத் திறந்து நின்றது. அவன் திரும்பிப் பார்க்காமல் இறங்கினான். ஐந்தாவது மாடியிலும் வந்து திறந்தது. நான்காவதிலும். வாலாட்டிக்கொண்டு பின்னாலேயே வரும் நாய்போல, ஒவ்வொரு தளத்திலும் வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டு காத்திருந்தது.

மூன்றாவது மாடியில் கோதையைப் பார்த்தான். அவள் சுவரில் கை ஊன்றி நின்றிருந்தாள். மணிக்கட்டுத் தழும்பு வெளுத்திருந்தது. அவன் பைகளை வாங்கிக்கொண்டான். அவள் கொடுத்தாள். பக்கத்தில் லிப்ட் வந்து திறந்தது.

கோதை அதைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஏழாம் எண்ணை அழுத்தினாள். கதவு மூடவில்லை. மறுபடி அழுத்தினாள். கதவு மூடவில்லை.

"நீ போ. நான் நடந்து வர்றேன்" என்றான் பரிதி. "இனிமே நான் படியிலதான் ஏறப்போறேன். எப்பவும்."

அவன் முதல் படியில் காலை வைத்துவிட்டான். அதில் ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது.

"பரிதி."

அவன் திரும்பினான். அவள் லிப்டின் சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள்.

"லிப்ட விட்டுட்டு நீ படியேறினா, அதையும் ஒரு தோல்வின்னுதான் எழுதிக்கும். நாளைக்கு அது எங்கிட்ட வரும்." கண்ணை மூடிக்கொண்டாள். "வந்து ஏறு."

அவன் படியிலிருந்து காலை எடுத்தான். உள்ளே வந்து அவளுக்கு அருகில் நின்றான். கதவு சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.